நிற்க மறுக்கும் மின்னோட்டம்

(சிறுவாச்சூரில் மாணவர்கள், ஆசிரியர்கள், விவசாயிகள் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மதுரகாளியம்மன் கோயிலால் ஊரறிந்த ஊர் சிறுவாச்சூர். கோயில் நடை திறக்கிற திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமையும் நெடுஞ்சாலை ஓரத்தில் வந்து இறங்குகிற கூட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாலையை விட்டுக் கொஞ்ச தூரம் உள்ளே நடந்தால் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகிற காடுகள். கிணற்றுமேட்டில் ஒரு மோட்டார் கொட்டகை. கொட்டகைச் சுவரில் ஒரு ஸ்டார்ட்டர் பெட்டி. இன்றைய பேச்சு அந்தப் பெட்டிக்குள்ளும் மோட்டாருக்குள்ளும் இருக்கும் காயிலைப் பற்றியது. காயில் வழியே மின்னோட்டம் எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது, அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதைப் பற்றியது.

மூடி கழன்ற ஸ்டார்ட்டரை இருட்டில் இயக்கியவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். சிவப்புப் பொத்தானை அழுத்தி மோட்டாரை நிறுத்தும்போது காண்டாக்ட் முனைகளுக்கு நடுவே நீலப் பொறி தாவும். நாளடைவில் அந்த முனைகள் கருத்துக் குழி விழும். எலக்ட்ரீசியன் வந்து உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார். மின்சாரத்தைத்தான் துண்டித்துவிட்டோமே, பிறகு அந்தப் பொறி எதைத் தின்று எரிகிறது? இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு மின்காந்தவியலில் பாதி வந்துவிட்டது என்பேன்.

ஏறத்தாழ 190 ஆண்டுகளுக்கு முன்பு இதே கேள்வியைக் கேட்டவர் ஒரு பள்ளி ஆசிரியர். பெயர் ஜோசப் ஹென்றி. அமெரிக்காவின் ஆல்பனி நகரத்துப் பள்ளியில் கணிதமும் இயற்பியலும் கற்பித்தவர். பள்ளி நாள்களில் வகுப்புகளுக்கே நேரம் போதாது. கோடை விடுமுறையில் அறை காலியானால்தான் ஆய்வு. அவர் 1832-ல் வெளியிட்ட கட்டுரையின் கடைசியில் ஒரு குறிப்பு வருகிறது. ஒரு சிறிய மின்கலம். அதன் இரு முனைகளும் பாதரசக் கிண்ணங்களில் முடிகின்றன. ஓர் அடி நீளக் கம்பியால் அவற்றை இணைத்தாலும் பிரித்தாலும் பொறி இல்லை. முப்பது, நாற்பது அடிக் கம்பியால் இணைக்கும்போதும் பொறி இல்லை. ஆனால் அந்த நீளக் கம்பியின் ஒரு முனையைப் பாதரசத்திலிருந்து வெளியே எடுத்த கணத்தில் பளிச்சென்று பொறி பறக்கிறது. கம்பியைச் சுருளாகச் சுற்றிவிட்டால் இன்னும் பலமாகப் பறக்கிறது.

இதில் இருக்கும் விந்தையைக் கவனியுங்கள். நீளக் கம்பிக்கு மின்தடை அதிகம், அதில் ஓடுகிற மின்னோட்டம் குறைவு. குறைந்த மின்னோட்டத்தை அறுத்தபோது பெரிய பொறி வருகிறது. அப்படியானால் அந்தக் கம்பியைச் சுற்றி ஏதோ ஓர் ஆற்றல் சேர்ந்து நின்றிருக்க வேண்டும். லண்டனில் மைக்கேல் பாரடேயும் 1834-ல் வேறொரு வழியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். பெரிய காயில் இணைத்த சுற்றைக் கையால் பிரிக்கும்போது உடம்பில் அதிர்ச்சி தாக்குவதாக ஒருவர் வந்து சொன்னதை அவர் அலட்சியம் செய்யாமல் ஆராய்ந்தார். பின்னர் 1893-ல் சிகாகோவில் கூடிய மின்னியல் மாநாடு, காயிலின் இந்தக் குணத்தை அளக்கும் அலகுக்கு ஆல்பனி ஆசிரியரின் பெயரையே வைத்தது. மின்தூண்டலை ஹென்றியில் அளக்கிறோம்.

காரணத்துக்கு வருவோம். கம்பியில் மின்னோட்டம் ஓடினால் அதைச் சுற்றிக் காந்தப்புலம் எழுகிறது. கம்பியைச் சுருளாக்கி நடுவில் இரும்பை வைத்தால் புலம் பல மடங்கு பெருகும். மின்னோட்டம் கூடினாலோ குறைந்தாலோ புலமும் கூடும், குறையும். அப்படிப் புலம் மாறுகிறபோது, அது ஊடுருவி நிற்கும் அதே சுருளில் ஒரு மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. மாற்றம் எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம் அது தள்ளும். ஏறப் பார்க்கிற மின்னோட்டத்தைப் பின்னுக்கு இழுக்கும். இறங்கப் பார்க்கிற மின்னோட்டத்தை முன்னுக்குத் தள்ளும். நொடிக்கு 1 ஆம்பியர் வீதம் மின்னோட்டம் மாறும்போது 1 வோல்ட் எதிர்ப்புக் கிளம்பினால் அந்தக் காயிலின் மின்தூண்டல் 1 ஹென்றி. மாறாமல் ஓடும் மின்னோட்டத்தைக் காயில் கண்டுகொள்வதே இல்லை. அப்போது அதற்கு இருப்பது வெறும் கம்பியின் மின்தடை மட்டும்தான்.

இதை விளக்க இந்த ஊரில் தேரைச் சொன்னால் போதும். சித்திரைத் தேருக்கு எத்தனை பேர் வடம் பிடித்தாலும் முதல் கணத்தில் அதன் வேகம் பூச்சியம்தான். மெல்ல அசைந்து, அடியடியாக வேகம் பிடிக்கும். ஓடத் தொடங்கியபின் வடத்தை விட்டுவிட்டால் நின்றுவிடாது, முட்டுக்கட்டை போட வேண்டும். மின்னோட்டத்தைத் தேரின் வேகமாகவும் மின்தூண்டலைத் தேரின் நிறையாகவும் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கிலும் இது பொருந்தும். ஓடும் தேரின் ஆற்றல், நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் கிடைக்கும். காயிலில் சேர்ந்திருக்கும் ஆற்றல், மின்தூண்டலில் பாதியை மின்னோட்டத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் கிடைக்கும். பன்னிரண்டாம் வகுப்பில் இந்தச் சூத்திரத்தைப் படிக்கிறீர்கள். ஸ்டார்ட்டரில் தாவும் பொறி தின்பது அந்த ஆற்றலைத்தான்.

இப்போது ஒரு கணக்கு. மாணவர்கள் தாளில் எழுதிக்கொண்டே வரலாம். பழைய அம்பாசடர் பெட்ரோல் காரில் பானெட்டைத் திறந்தால் கையடக்க உருளையாக ஓர் இக்னீஷியன் காயில் இருக்கும். அதன் முதல் சுருளுக்கு மின்தடை 3 ஓம், மின்தூண்டல் 9 மில்லிஹென்றி என்று வைத்துக்கொள்வோம். இத்தகைய காயில்கள் இந்த அளவுகளை ஒட்டியே இருப்பவை. பாட்டரி 12 வோல்ட். ஓம் விதிப்படி 12-ஐ 3-ஆல் வகுத்தால் 4 ஆம்பியர். சுற்றை மூடிய உடனே 4 ஆம்பியர் ஓடுமா? ஓடாது. மூடிய கணத்தில் மின்னோட்டம் பூச்சியம். அந்தக் கணத்தில் மின்தடையில் விழும் மின்னழுத்தமும் பூச்சியம், ஆகவே 12 வோல்ட்டும் காயிலின் தூண்டல் மேலேயே நிற்கிறது. 12 வோல்ட்டை 9 மில்லிஹென்றியால் வகுத்தால் மில்லிசெகண்டுக்கு 1.33 ஆம்பியர் வீதம் ஏற்றம். மில்லிசெகண்ட் என்றால் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

அதே வீதத்தில் ஏறிக்கொண்டே போனால் 3 மில்லிசெகண்டில் 4 ஆம்பியரைத் தொட்டிருக்கும். தொடுவதில்லை. மின்னோட்டம் 1 ஆம்பியர் ஆனபோது மின்தடை 3 வோல்ட்டை எடுத்துக்கொள்கிறது, காயிலுக்கு மிச்சம் 9 வோல்ட். ஏற்றத்தின் வேகம் முக்காலாகக் குறைகிறது. 2 ஆம்பியர் ஆனால் மிச்சம் 6 வோல்ட், வேகம் பாதி. 3 ஆம்பியர் ஆனால் மிச்சம் 3 வோல்ட், வேகம் கால். இலக்கை நெருங்க நெருங்க ஏறும் வேகம் குறைந்துகொண்டே வருகிறது. 3 மில்லிசெகண்டில் 2.53 ஆம்பியர், அதாவது 63 விழுக்காடு. 6-ல் 3.46. 9-ல் 3.80. 15 மில்லிசெகண்டில் 3.97. அதற்குமேல் கருவியால் வேறுபாடு காண்பது கடினம், 4 ஆம்பியர் என்றே கொள்ளலாம்.

அந்த 3 மில்லிசெகண்ட் எங்கிருந்து வந்தது? மின்தூண்டலை மின்தடையால் வகுத்ததில் வந்தது. இதற்குக் கால மாறிலி என்று பெயர். ஒவ்வொரு கால மாறிலி கழியும்போதும், இலக்குக்கு இன்னும் எவ்வளவு குறைகிறதோ அந்தக் குறை 2.718-ல் ஒரு பங்காகச் சுருங்கும். இந்த வளர்ச்சியை ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-ல் முழுமையான கணித வடிவில் எழுதிக் காட்டினார். மூலகங்களின் கதிரியக்கம் தேய்வதும் இதே கணிதத்தில்தான். இயற்பியலில் ஒரு பாடம் ஒழுங்காகப் புரிந்தால் அடுத்த பாடம் தானாகத் திறந்துகொள்ளும்.

தேர்வுக்குச் சூத்திரத்தை மனப்பாடம் செய்கிற மாணவர்கள் கண்ணில் படாமல் போகும் இரண்டு செய்திகள் இந்தக் கால மாறிலிக்குள் இருக்கின்றன. முதலாவது, அதில் வோல்ட்டுக்கு இடமே இல்லை. 12 வோல்ட்டுக்குப் பதில் 24 வோல்ட் கொடுத்தால் மின்னோட்டம் 8 ஆம்பியருக்குப் போகும். ஆனால் அந்த 8-ல் 63 விழுக்காட்டை எட்டவும் அதே 3 மில்லிசெகண்ட்தான். இரண்டாவது, மின்தடையைக் கூட்டினால் மின்னோட்டம் சீக்கிரம் நிலைக்கு வரும். தடை கூடினால் தாமதமும் கூடும் என்றுதான் நம் மனம் சொல்கிறது. நடப்பது நேர்மாறு. இலக்கு குறைகிறது, அதனால் சேரும் நேரமும் குறைகிறது. இரண்டையும் சேர்த்து வைத்து ஓர் உபாயம் செய்தார்கள்: மின்னழுத்தத்தையும் மின்தடையையும் ஒரே விகிதத்தில் கூட்டினால் இலக்கு மாறாமல், சேரும் நேரம் மட்டும் சுருங்கும். படிப்படியாக நகரும் ஸ்டெப்பர் மோட்டார்களை ஒரு காலத்தில் இப்படித்தான் விரைவாக ஓடவைத்தார்கள்.

அம்பாசடருக்குத் திரும்புவோம். அந்தக் காரின் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் என்ற முனைகள் மூடித் திறக்கும். மூடியிருக்கும்போது காயிலில் மின்னோட்டம் ஏறும். திறக்கும்போது ஸ்பார்க் பிளக்கில் பொறி விழும். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடினால் நொடிக்கு 100 பொறி வேண்டும். ஒரு பொறிக்குக் கிடைக்கும் நேரம் 10 மில்லிசெகண்ட், அதில் பாயிண்ட் மூடியிருப்பது சுமார் மூன்றில் இரண்டு பங்கு, 6.6 மில்லிசெகண்ட். அதற்குள் மின்னோட்டம் 89 விழுக்காட்டை எட்டிவிடும். எஞ்சினை 6000 சுற்றுக்கு விரட்டினால் கிடைப்பது 3.3 மில்லிசெகண்ட். மின்னோட்டம் 67 விழுக்காட்டிலேயே நின்றுவிடும். ஆற்றல் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுகிறது என்பதால் பொறியின் வலு, முழு அளவில் பாதிக்கும் கீழே போய்விடும். பழைய எஞ்சின்கள் அதிவேகத்தில் திணறியதற்கு இதுவும் ஒரு காரணம். பாயிண்ட் இடைவெளியை மெல்லிய தகடு வைத்து அளந்து சரிசெய்த மெக்கானிக், காயிலுக்கு மின்னோட்டம் ஏறும் நேரத்தைத்தான் அளந்துகொண்டிருந்தார். சூத்திரம் எழுதாமலே அதைக் கையில் வைத்திருந்த அந்தத் தொழிலாளிகள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

பாயிண்ட் திறக்கும் கணத்தில் என்ன நடக்கிறது? 4 ஆம்பியர் மின்னோட்டம் நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குள் பூச்சியத்துக்கு வருவதாக வைத்துக்கொண்டு பெருக்கிப் பாருங்கள். 9 மில்லிஹென்றிக் காயில் 360 வோல்ட் கிளப்பும். பாட்டரியோ 12 வோல்ட். உள்ளே இருக்கும் இரண்டாவது சுருளில் 70 மடங்கு சுற்று இருந்தால் 25,000 வோல்ட். பிளக் முனைகளின் இடைவெளியைத் தாண்டிப் பொறி விழ அது போதும். ஏறுவதற்குத் தனக்கான நேரத்தை எடுத்துக்கொள்ளும் மின்னோட்டத்தை நாம் அவசரமாக இறக்கினால், அவசரம் எவ்வளவோ அவ்வளவு வோல்ட் எகிறும்.

டியூப் லைட்டின் சோக்கும் இதையேதான் செய்தது. ஸ்டார்ட்டர் மூடும், டியூபின் இரு முனைகளும் சிவக்கும், ஸ்டார்ட்டர் திறக்கும், சோக்கில் ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டம் அறுபட்டுப் பல நூறு வோல்ட் எகிறி டியூபைப் பற்றவைக்கும். அறுபட்ட கணம் சரியாக அமையாவிட்டால் மறுபடி முயலும். மாலையில் விளக்குப் போட்டதும் டியூப் விட்டுவிட்டு மினுக்கியது அதனால்தான். எல்இடி வந்தபின் அந்தக் காட்சி வீடுகளிலிருந்து மறைந்துவருகிறது. ஆனால் காயில் மறையவில்லை. எல்இடி விளக்குகள் பலவற்றின் உள்ளேயும் உங்கள் கைப்பேசிச் சார்ஜரின் உள்ளேயும் நகக்கண் அளவில் ஒரு காயில் இருக்கிறது. அதில் மின்னோட்டம் நொடிக்குப் பல பத்தாயிரம் முறை ஏறி இறங்குகிறது.

இந்த இடத்தில் விவசாயிகள் ஒரு நியாயமான கேள்வி கேட்கலாம். காயில் மின்னோட்டத்தை மெதுவாகத்தான் ஏறவிடும் என்கிறீர்கள். மோட்டாரைப் போட்டதும் அம்மீட்டர் முள் ஏன் கடைசி வரை போய்விட்டுத் திரும்புகிறது?

கொட்டகைக்கு வருவது மாறுதிசை மின்சாரம். 50 ஹெர்ட்ஸ் என்றால் ஒவ்வொரு 10 மில்லிசெகண்டுக்கும் திசை திரும்புகிறது. 40 வாட் டியூப் லைட் சோக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மின்தூண்டல் 1.2 ஹென்றி, மின்தடை 36 ஓம் என்றால் கால மாறிலி 33 மில்லிசெகண்ட். மின்னோட்டம் கொஞ்சம் ஏறுவதற்குள் திசை திரும்பிவிடுகிறது, மறுபடி எதிர்ப்பக்கம் கொஞ்சம். அதனால் 230 வோல்ட் மாறுதிசையில் இந்தச் சோக்கை நேரே மாட்டினாலும் 0.6 ஆம்பியர் அளவில்தான் ஓடும். அதே 230 வோல்ட்டை நேர்திசையில் கொடுத்தால் 6 ஆம்பியரைத் தாண்டிச் சோக் எரிந்துபோகும். மாறுதிசையில் காயிலைக் காப்பாற்றுவது அதன் தூண்டல்தான்.

அந்தத் தூண்டல் குறைந்தால்? மோட்டார் புறப்படும்போது அதுதான் நடக்கிறது. ரோட்டார் நின்றிருக்கும்போது சுழலும் காந்தப்புலம் அதை முழு வேகத்தில் வெட்டிக்கொண்டு போகிறது. ரோட்டாரில் பெரும் மின்னோட்டம் எழுந்து, காயில் உண்டாக்கும் புல மாற்றத்தை அழிக்கப் பார்க்கிறது. காயிலின் தூண்டலில் பெரும்பகுதி செயலிழந்தது போலாகி, முழுச்சுமை மின்னோட்டத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு பாய்கிறது. ரோட்டார் வேகம் பிடித்ததும் அடங்கிவிடும். காயிலின் கால மாறிலியால் வரும் தாமதம் மில்லிசெகண்டுகளில் முடிந்துபோகிறது. முள் ஏறி நிற்கும் அந்தச் சில நொடிகள் ரோட்டார் வேகம் பிடிக்க எடுத்துக்கொள்ளும் நேரம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இதனால் ஊருக்கு ஒரு தொல்லை வருகிறது. கரண்ட் போய்விட்டுத் திரும்பும்போது ஆட்டோ சுவிட்ச் போட்டிருக்கும் மோட்டார்கள் எல்லாம் ஒரே கணத்தில் புறப்படுகின்றன. ஒவ்வொன்றும் ஆறு மடங்கு இழுத்தால் டிரான்ஸ்பார்மர் என்ன செய்யும்? வோல்டேஜ் படுத்துவிடும். வோல்டேஜ் படுத்தால் ஸ்டார்ட்டரின் காயிலுக்கு இரும்பை முழுதாக இழுத்துப் பிடிக்க வலுவிருக்காது. பாதி இழுத்து, விட்டு, மறுபடி இழுத்துக் கடகடவென்று அடித்துக்கொள்ளும். இரும்பு ஒட்டாமல் இடைவெளி நின்றால் அந்தக் காயிலின் தூண்டல் குறைகிறது. தூண்டல் குறைந்தால் மின்னோட்டம் கூடுகிறது. "லோ வோல்டேஜில் காயில் எரிந்துவிட்டது" என்று வைண்டிங் கடைக்காரர் சொல்வதற்குப் பின்னால் இருப்பது இதுதான். குறைந்த வோல்ட்டில் கூடுதல் மின்னோட்டம் எப்படி வரும் என்று வியக்க வேண்டாம். ஒரே டிரான்ஸ்பார்மரில் இருக்கும் விவசாயிகள் பேசிவைத்துக்கொண்டு, ஆட்டோ சுவிட்சின் தாமத நேரத்தை ஆளுக்கொரு அளவாக, அரை நிமிட இடைவெளியாவது விட்டு வைத்தால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி தீரும். தாமதத்தை மாற்றியமைக்கும் வசதி உள்ள கருவியைக் கேட்டு வாங்குங்கள்.

கோவையில் 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்து காட்டினார்கள். அந்தத் தொழில் வளர்ந்துதான் நம் கிணறுகளுக்கு மோட்டார் வந்தது. மோட்டார் நம்முடையது, அதைப் பற்றிய அறிவும் நம்முடையதாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

சோலார் பம்ப் வைத்திருப்பவர்களும் வைக்கப்போகிறவர்களும் இதைக் கவனமாகக் கேளுங்கள். 2019-ல் சோலார் பம்புக்கு உதவும் பிஎம் குசும் திட்டம் வந்தபின் காடுகளில் சோலார் தகடுகள் பெருகிவருகின்றன. தகட்டிலிருந்து வருவது நேர்திசை மின்சாரம். மாறுதிசையில் மின்னோட்டம் நொடிக்கு 100 முறை பூச்சியத்தைத் தொடுவதால் ஸ்டார்ட்டரில் தாவிய பொறி அடுத்த பூச்சியத்தில் அணைந்துவிட வாய்ப்புண்டு. நேர்திசையில் அப்படியொரு பூச்சியம் வராது. முனைகள் பிரிந்தபின்னும் பொறி நின்று எரியும், சுவிட்சை உருக்கும், தீப்பிடிக்கவும் வைக்கும். தகட்டு வயரில் தூண்டல் மிகக் குறைவுதான். இருந்தாலும் மின்னோட்டம் தானாக நிற்காது என்ற ஆபத்து அங்கே இன்னும் பெரிது. வீட்டு உபயோகச் சுவிட்சை அங்கே மாட்டாதீர்கள். ஓடும்போது கனெக்டரைப் பிடுங்காதீர்கள். நேர்திசைக்கென்று செய்த ஐசொலேட்டரை வைத்து, முதலில் கண்ட்ரோலரில் பம்பை நிறுத்தி, பிறகு பிரியுங்கள்.

பாலிடெக்னிக், பொறியியல் மாணவர்களுக்கு ஒன்று. ரிலேயை டிரான்சிஸ்டரால் இயக்கும் சுற்று செய்கிறீர்கள். முதல் தடவை வேலை செய்யும், சில தடவைகளில் டிரான்சிஸ்டர் செத்துவிடும். ரிலே காயிலுக்குக் குறுக்கே, பாட்டரித் திசைக்கு எதிராக ஒரு டயோடைப் போடுங்கள். டிரான்சிஸ்டர் அணைந்ததும் காயிலின் மின்னோட்டம் டயோடு வழியே வட்டமிட்டு, தன் கால மாறிலிப்படி தேய்ந்து அடங்கும். ஒரு கால மாறிலியில் 37 விழுக்காடு, ஐந்தில் 1 விழுக்காட்டுக்கும் கீழே. வோல்ட் எகிறாது. ரிலே விடுபடுவது மட்டும் சற்றுத் தாமதமாகும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கால மாறிலியின் அடிப்பக்கத்தில் மின்தடை இருக்கிறது என்று பார்த்தோம். அந்த மின்தடை பூச்சியமானால்? மருத்துவமனை எம்ஆர்ஐ எந்திரத்தின் காந்தம் நியோபியம்-டைட்டானியக் கம்பியால் சுற்றிய காயில். திரவ ஹீலியத்தில் மைனஸ் 269 டிகிரியில் வைத்தால் அந்தக் கம்பியின் மின்தடை மறைந்துவிடும். மின்னோட்டத்தை மெதுவாக ஏற்றிப் பல நூறு ஆம்பியர் ஆனதும் காயிலின் இரு முனைகளையும் அதே வகைக் கம்பியால் இணைத்துவிட்டு மின்சாரத்தைக் கழற்றிவிடுவார்கள். மின்னோட்டம் ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். கரண்ட் போனாலும் காந்தம் போகாது. படம் எடுக்காத நேரத்திலும் காந்தம் இருக்கும். 2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில் ஆக்சிஜன் சிலிண்டருடன் எம்ஆர்ஐ அறைக்குள் போன இளைஞர் ஒருவர் இழுபட்டு உயிரிழந்தார். காயிலில் ஓடும் மின்னோட்டம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பது ஓர் உயிரையே விலையாகக் கேட்கக்கூடிய கேள்வி. சிறுவாச்சூரிலிருந்து திருச்சிக்கோ பெரம்பலூருக்கோ ஸ்கேன் எடுக்கப் போகிறவர்களோடு துணைக்குப் போகும்போது, எந்திரம் ஓடவில்லை என்று நினைத்து இரும்பு எதையும் அந்த அறைக்குள் கொண்டுபோகாதீர்கள்.

ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தின் பெரிய துகள் முடுக்கியிலும் இதே வகைக் காயில்கள்தான். இந்தூரிலுள்ள நம் அணுசக்தித் துறை ஆய்வு மையம் அதற்குத் திருத்தக் காந்தங்களை ஆயிரக்கணக்கில் வழங்க உதவியது. அந்த முடுக்கியின் எட்டுப் பிரிவுகளில் ஒவ்வொன்றிலும் 154 பெரிய காந்தங்கள் ஒரே சுற்றில் கோக்கப்பட்டிருக்கின்றன. 2008 செப்டம்பர் 19 அன்று ஒரு பிரிவில் மின்னோட்டம் 8,700 ஆம்பியர் அளவுக்கு ஏறியபோது, இரு காந்தங்களுக்கு இடையே ஓர் இணைப்பு பழுதாகிப் பிரிந்தது. ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டம் நிற்கவில்லை. அந்த இடைவெளியில் மின்வில் எழுந்து ஹீலியக் கலத்தைத் துளைத்தது. டன் கணக்கில் ஹீலியம் பீறிட்டு, 53 காந்தங்களைக் கழற்றி எடுக்க வேண்டியதாயிற்று. முடுக்கி மறுபடி ஓட ஓராண்டுக்கு மேலானது. கிணற்றுமேட்டு ஸ்டார்ட்டரில் தாவும் பொறிக்கும் இதற்கும் இயற்பியலில் வேறுபாடு கிடையாது.

நிறைவாக ஆசிரியர்களிடம் ஒரு கோரிக்கை. இந்தப் பாடத்தைக் கரும்பலகையில் வளைகோடு வரைவதோடு முடித்துவிடாதீர்கள். ஒரு பழைய டியூப் லைட் சோக், ஒரு 12 வோல்ட் பாட்டரி, ஒரு பெல் சுவிட்ச், லைன் டெஸ்டரில் இருக்கும் சிறிய நியான் விளக்கு அதன் மின்தடையோடு சேர்த்து ஒன்று. சோக்குக்குக் குறுக்கே நியானை இணையுங்கள். நியான் எரிய எழுபது, எண்பது வோல்ட்டுக்கு மேல் வேண்டும், பாட்டரியால் அதை எரியவைக்க முடியாது. சுவிட்சை அழுத்தும்போது அது எரியாது. விடும்போது ஒரு கணம் மின்னும். அறையை இருட்டாக்கிக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையும் ஒருமுறை தன் கையால் செய்து பார்க்கட்டும். முனைகளை எல்லாம் இன்சுலேஷன் டேப் போட்டு மூடியிருக்க வேண்டும், வெறுங்கையால் தொடக் கூடாது, சுவரிலிருக்கும் 230 வோல்ட்டை இந்தச் சோதனைக்குப் பயன்படுத்தவே கூடாது.

பழைய சோக்குகள் இப்போது இரும்புக்கடைக்கு எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அவை முழுதும் போவதற்குள் பள்ளிக்கு நான்கைந்தாவது வாங்கி ஆய்வகத்தில் வைத்துவிடுங்கள்.